எல்டர், ஓல்டர், சீனியர்: வயதையும் மூப்பையும் ஆங்கிலத்தில் பிசகாமல் எழுதும் முறை

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம், வாரிசுச் சான்றிதழ் மனு, பாகப்பிரிவினைப் பத்திரம், மகனின் விசா விண்ணப்பம், கானாடுகாத்தான் வீட்டைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லும் நாலு வார்த்தை என்று செட்டிநாட்டில் ஆங்கிலம் தேவைப்படும் இடமெல்லாம் வயதும் மூப்பும் வந்து நிற்கும். புதிதாக எழுதுபவர்கள் தடுக்குவதும் அங்கேதான்.

தமிழில் 'மூத்தவர்' என்றால் முன்னால் பிறந்தவர், முறையில் பெரியவர், வேலையில் முந்திச் சேர்ந்தவர், தள்ளாத வயதுக்காரர் எல்லாரும் அதற்குள் அடக்கம். ஆங்கிலத்தில் இந்த நால்வரையும் ஒரே சொல்லில் அடக்க முடியாது. அதனால் சொல்லைத் தேடுமுன் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டையும் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அச்சடித்த பத்திரிகையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில், ஒற்றை மேற்கோளுக்குள் வருகின்றன. 'தேன்' என்று பார்த்தால் அது ஒப்பிடும்போது வரும் ஆங்கிலச் சொல், கொம்புத்தேன் இல்லை.

1. எழுதுமுன் ஒரு தாள்

காகிதத்தில் பெயர் வரப்போகிற ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: பிறந்த தேதி, உடன்பிறந்தவர்களில் எத்தனையாவது, உங்களுக்கு என்ன முறை, வேலை சம்பந்தப்பட்ட காகிதம் என்றால் பணியில் சேர்ந்த தேதி.

பிறந்த தேதியை ஆவணத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள். பழைய ஆட்கள் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தேதி ஒன்று, ஜாதகத்தில் உள்ள தேதி இன்னொன்று. ஆங்கிலக் காகிதத்தில் இரண்டையும் கலந்தால் ஒரு பக்கத்தில் 71, மறு பக்கத்தில் 72 என்று நிற்கும். எந்தத் தேதி ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

உடன்பிறந்தவர்களை எண்ணும்போது காலமானவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். மூன்று மகன்களில் ஒருவர் இறந்துபோனாலும் மூத்தவர் மூவரில் மூத்தவர்தான். இது ஆறாம் படியில் சொல்லையே மாற்றும்.

சுவீகாரம் போன பிள்ளைக்குத் தனியாக ஒரு குறிப்பு போடுங்கள். பிறந்த வீட்டில் இரண்டாவது மகன், வந்த வீட்டில் ஒரே மகனாக இருப்பார். 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டப்படி சுவீகாரத் தேதியிலிருந்து அவர் வந்த வீட்டுப் பிள்ளை. ஆகவே அந்த வீட்டு வரிசையில்தான் அவரை எழுத வேண்டும். பிறந்த வீட்டு வரிசையை ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் வாரிசுக் காகிதத்தில் தேவையில்லாத கேள்வி கிளம்பும்.

2. எந்தக் கணக்கு என்று முடிவு செய்யுங்கள்

வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்து போடுங்கள். வெறும் வயது என்றால் 'வ', குடும்பத்தில் பிறந்த வரிசை என்றால் 'பி', பதவி அல்லது பணிமூப்பு என்றால் 'ப', முதுமை என்றால் 'மு'.

'வ' வந்த இடத்தில் 'ஓல்டர்', 'யங்கர்' வரும். 'பி' வந்த இடத்தில் 'எல்டர்', 'எல்டஸ்ட்', 'யங்கர்', 'யங்கஸ்ட்'. 'ப' வந்தால் 'சீனியர்', 'ஜூனியர்'. 'மு' வந்தால் 'எல்டர்லி' அல்லது அதைவிட மெதுவான ஒரு சொல். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு எழுத்து போடத் தோன்றினால் அதை இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு 'எல்டர்', 'எல்டர்லி' இரண்டையும் ஒன்றென்று நினைப்பது. 'மை எல்டர்லி பிரதர்' என்று எழுதினால் அண்ணன் கைத்தடி ஊன்றி நடக்கும் கிழவர் என்று பொருள். அவருக்கு 34 வயதாக இருக்கும், பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரன் குறிப்பில் இந்தப் பிழை விழுந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

3. வயதை எண்ணாக எழுதுவது

மூன்று வடிவம் போதும். ஒன்று: 'ஹீ இஸ் 25 இயர்ஸ் ஓல்ட்'. இரண்டு: 'எ 25-இயர்-ஓல்ட் மேன்'. மூன்று: 'எ மேன் ஏஜ்ட் 25'.

வினைச்சொல்லுக்குப் பின்னால் எண் வந்தால் 'இயர்ஸ்' என்று பன்மை, இடைக்கோடு கிடையாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் 'இயர்' ஒருமை, நடுவில் இரண்டு இடைக்கோடு. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நிற்கும் அளவுச் சொல் பன்மை ஏற்காது. பத்து ரூபாய் நோட்டை 'டென்-ருபீ நோட்' என்கிறோமே, அதே விதிதான். '25 இயர்ஸ் ஓல்ட் பாய்' என்பது இரண்டு வடிவத்தையும் பாதிப் பாதியாக ஒட்டியது.

கைக்குழந்தைக்கும் இதுதான்: 'எ சிக்ஸ்-மன்த்-ஓல்ட் பேபி'. அந்த வடிவத்தையே பெயராகவும் வைத்துக்கொள்ளலாம், அப்போது பன்மை கடைசியில் விழும்: 'டூ ஃபைவ்-இயர்-ஓல்ட்ஸ்'.

'ஹீ இஸ் ஹேவிங் 25 இயர்ஸ்' கூடாது. ஆங்கிலத்தில் வயதை வைத்திருக்க முடியாது, வயதாக இருக்கத்தான் முடியும். 'மை ஏஜ் இஸ் 25' தவறில்லை. படிவத்துக்கு நன்றாகவே இருக்கும், பேச்சில் கொஞ்சம் விறைப்பு.

'ஏஜ்ட்' என்ற சொல்லுக்கு இரண்டு உச்சரிப்பு உண்டு. பின்னால் எண் வந்தால் ஒரே அசை, 'ஏஜ்ட்'. எண் இல்லாமல் ஆளுக்கு முன் வந்தால் இரண்டு அசை, 'ஏஜிட்'. அப்போது பொருள் மிகவும் வயதானவர். எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், மேடையில் வாசிக்கப்போகிறவர் தாளில் இந்த இடத்துக்கு அடிக்கோடு போட்டு வைப்பது நல்லது.

பிரமாணப் பத்திரத்தில் 'ஏஜ்ட் அபவுட் 45 இயர்ஸ், சன் ஆஃப்' என்று வக்கீல்கள் எழுதுவது நம் நீதிமன்ற வழக்கு. நல்ல ஆங்கிலம் என்று நினைத்து அதைத் திருத்தப் போகாதீர்கள். அதே 'அபவுட்' விசா படிவத்துக்குப் போனால்தான் தப்பு. அங்கே தேதியே கேட்பார்கள், உத்தேசம் எடுபடாது.

'பிட்வீன்' வந்தால் அதற்கு ஜோடி 'அண்ட்'. 'பிட்வீன் தி ஏஜஸ் ஆஃப் 5 அண்ட் 10' சரி, 'பிட்வீன் 5 டூ 10' தவறு. 'டூ' போட ஆசைப்பட்டால் 'ஏஜ்ட் 5 டூ 10' என்று எழுதிவிடுங்கள்.

4. நடக்கிற வயதும் நிறைந்த வயதும்

நம் வீட்டுப் பெரியவர்கள் 'இருபத்தஞ்சு நடக்குது' என்பார்கள். அதை 'ஐ ஆம் ரன்னிங் 25' என்று எழுதினால் ஆங்கிலக்காரருக்கு ஓட்டப் பந்தயம்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலம் நிறைந்த வருடத்தை மட்டுமே எண்ணும். 25 நடக்கிறது என்றால் நிறைந்தது 24, ஆக 'ஐ ஆம் 24'. நடப்பைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'ஐ ஆம் இன் மை ட்வென்டி-ஃபிஃப்த் இயர்' என்று எழுதலாம். ஆனால் வாசிப்பவரில் பாதிப்பேர் அதை 25 நிறைந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். விட்டுவிடுவது மேல்.

சாந்திக் கல்யாணம் எனும் அறுபதாம் கல்யாணத்தின் பத்திரிகையில் இது பெரிய குழப்பம். 1966 ஜூன் 10-ல், பராபவ ஆண்டு வைகாசியில் பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து மறுபடி பராபவ வருவது 2026-ல். அந்த வைகாசியில் அவர் நட்சத்திரத்தில் சஷ்டியப்தபூர்த்தி. அறுபது நிறைந்து அறுபத்தொன்று தொடங்குகிறது. இதை ஆங்கிலத்தில் 'சிக்ஸ்டியத் பர்த்டே' என்றுதான் எழுத வேண்டும். 61 தொடங்குகிறதே என்று 'சிக்ஸ்டி-ஃபர்ஸ்ட் பர்த்டே' போட்டால் ஒரு வருடம் கூடிவிடும்.

நட்சத்திரமும் ஆங்கிலத் தேதியும் ஒரே நாளில் விழுவது அபூர்வம். விழா ஜூன் 10-ல் இல்லாவிட்டால் 'பர்த்டே' என்ற சொல்லே இடிக்கும். அப்போது 'ஆன் கம்ப்ளீட்டிங் சிக்ஸ்டி இயர்ஸ்' என்று எழுதுங்கள். சடங்கின் பெயரை 'சாந்தி' என்றே வைத்து, அடுத்த வரியில் இந்த விளக்கத்தைப் போட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் சம்பந்திக்கும் புரியும்.

எண்பதுக்கும் இதே வழிதான், இன்னும் கூடுதல் கவனத்தோடு. ஆயிரம் பிறை கணக்குப் பார்த்து, எண்பது நிறைந்து சில மாதம் கழித்துச் சதாபிஷேகம் வைப்பவர்கள் உண்டு. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 29.5 நாள் என்பதால் ஆயிரம் நிறைவதற்கு ஏறத்தாழ 80 வருடம் 10 மாதம் ஆகும். அந்த விழாவை 'எய்ட்டியத் பர்த்டே' என்று அச்சடித்தால் தேதியைப் பார்ப்பவர்கள் விழிப்பார்கள்.

5. 'எல்டர்' எங்கே நிற்கும், எங்கே நிற்காது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்: 'தேன்' வந்தால் 'எல்டர்' வராது. 'ஹீ இஸ் எல்டர் தேன் மீ' தவறு, 'ஹீ இஸ் ஓல்டர் தேன் மீ' சரி. கடைசியில் 'மீ' வருவதா 'ஐ' வருவதா என்று சண்டை போட வேண்டாம். பேச்சுக்கு 'தேன் மீ', எழுத்தில் விறைப்பு வேண்டுமானால் 'தேன் ஐ ஆம்'.

'எல்டர்' குடும்ப வரிசையைச் சொல்லும் அடைமொழி. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும்: 'மை எல்டர் பிரதர்', 'ஹெர் எல்டர் டாட்டர்'. வினைக்குப் பின்னால் தனியே விட்டால் தள்ளாடும். 'மை பிரதர் இஸ் எல்டர்' என்று எழுதாதீர்கள். 'தி எல்டர் ஆஃப் தி டூ' என்று வரலாம், ஏனென்றால் அங்கே அது பெயர்ச்சொல்லாக நிற்கிறது. வீட்டுக்கும் மரத்துக்கும் காருக்கும் 'எல்டர்' கிடையாது. அவற்றுக்கு எப்போதும் 'ஓல்டர்'தான்.

சந்தேகம் வந்தால் 'ஓல்டர்' போடுங்கள். அண்ணனை 'ஓல்டர் பிரதர்' என்றாலும் தவறில்லை, அமெரிக்காவில் அதுதான் வழக்கமும். 'எல்டர்' கொஞ்சம் மரியாதையும் மரபும் கலந்தது. நம் பத்திரிகை நடைக்கு அதுவே பொருந்தும்.

'எல்டர்ஸ்' என்று பன்மையில் வந்தால் பெரியவர்கள். 'வித் தி பிளெஸிங்ஸ் ஆஃப் அவர் எல்டர்ஸ்' என்பது பத்திரிகையில் பெரியோர் ஆசியோடு என்பதற்கு நேர் சமம், தயங்காமல் போடலாம்.

6. இருவரா, மூவரா

தமிழில் இரண்டு மகன் இருந்தாலும் ஆறு மகன் இருந்தாலும் முதல்வர் 'மூத்த குமாரர்'. ஆங்கிலத்தில் இருவரில் மூத்தவர் 'எல்டர்', மூவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 'எல்டஸ்ட்'. இளையவருக்கும் அப்படியே 'யங்கர்', 'யங்கஸ்ட்'. ஆகவே பத்திரிகையில் 'எல்டர் சன் ஆஃப்' என்று பார்த்ததும் இந்த வீட்டில் இரண்டே மகன்கள் என்று ஆங்கிலம் தெரிந்தவர் முடிவு கட்டிவிடுவார். மூன்று மகன் இருக்கும் வீட்டில் இப்படி அச்சடித்தால் ஒரு தம்பியைக் கணக்கிலிருந்து நீக்கியது போல ஆகும். பத்திரிகையில் இது வெறும் அழகுப் பிழை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

நடுவில் பிறந்தவரை 'மிடில் சன்' என்பது மூவர் இருக்கும்போது மட்டும் சரி. நால்வர், ஐவர் என்றால் 'செகண்ட் சன்', 'தேர்ட் சன்' என்று எண்ணிவிடுங்கள். ஒரே மகன் 'ஒன்லி சன்'. அவருக்கு அக்காள் தங்கைகள் இருந்தாலும் அப்படித்தான். பிள்ளையே ஒன்றுதான் என்றால் 'ஒன்லி சைல்ட்'.

இதில் பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. மகன், மகள் என்னும்போது ஒப்பீடு பிள்ளைகளுக்குள்ளேயே நடக்கிறது. அண்ணன், அக்கா என்னும்போது ஒப்பீடு உங்களோடு நடக்கிறது. அதனால் உங்களுக்கு மூன்று அண்ணன் இருந்தாலும் ஒவ்வொருவரும் உங்களுக்கு 'எல்டர் பிரதர்'தான். மூவரில் பெரியவரைச் சொல்லும்போது மட்டும் 'எல்டஸ்ட் பிரதர்'. பெரியப்பாவுக்கும் இதேதான்: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) நாலு அண்ணன் இருந்தாலும் ஒவ்வொருவரும் 'மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்'. இங்கே 'எல்டஸ்ட்' போட்டால் நால்வரில் மூத்த ஒருவரை மட்டும் குறித்துவிடும், மற்ற மூன்று பேரின் கையெழுத்து எங்கே என்று யாராவது கேட்பார்கள்.

7. 'சீனியர்', 'ஜூனியர்'

இவை லத்தீனிலிருந்து ஒப்பீட்டுப் பொருளோடு வந்த சொற்கள். அதனால் 'தேன்' ஏற்காது, 'டூ' தான் ஏற்கும். 'ஷி இஸ் சீனியர் டூ மீ' சரி, 'சீனியர் தேன் மீ' தவறு. 'மோர் சீனியர் தேன்' என்பது இப்போது பரவலாக எழுதப்படுகிறது, தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை. 'தேன்' அங்கே 'மோர்' என்பதற்காக வருகிறது.

வயதுக்கும் பணிமூப்புக்கும் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். காரைக்குடி சிக்ரி ஆய்வகத்திலோ அழகப்பா பல்கலைக்கழகத்திலோ 40 வயதுப் பெண் 2010-ல் சேர்ந்திருப்பார், 45 வயது ஆண் அதே பதவியில் 2015-ல் சேர்ந்திருப்பார். 'ஷி இஸ் சீனியர் டூ ஹிம், தோ ஹீ இஸ் ஓல்டர்'. இந்த ஒரு வாக்கியத்தை எழுத வந்துவிட்டால் இந்தப் படி முடிந்தது.

'டூ இயர்ஸ் மை சீனியர்' என்றால் இரண்டு வயது பெரியவர் என்றும் வரும், இரண்டு வருடம் முந்தியவர் என்றும் வரும். அலுவலகக் காகிதத்தில் இதைத் தவிர்த்து, சேர்ந்த வருடத்தையே எழுதிவிடுங்கள்.

கல்லூரியில் 'ஹீ வாஸ் மை சீனியர்' என்பது நமக்குப் புரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது எச்சரிக்கை. அங்கே 'ஜூனியர்' என்றால் மூன்றாம் ஆண்டு மாணவர், 'சீனியர்' என்றால் நான்காம் ஆண்டு. 'எ இயர் அஹெட் ஆஃப் மீ' என்று எழுதினால் எங்கும் செல்லும்.

'சீனியர்மோஸ்ட்' நம் நாட்டு அலுவலக ஆங்கிலம். கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக்கு எழுதும்போது 'மோஸ்ட் சீனியர்' ஆக்குங்கள். ஓய்வு பெற்றதை 'காட் ரிட்டயர்ட்' என்று எழுத வேண்டாம், 'ரிட்டயர்ட்' மட்டும் போதும்.

8. வயதில் இளையவர், முறையில் பெரியவர்

பெரிய குடும்பங்களில் சித்தப்பா வயதில் சின்னவராக இருப்பார். மூத்த மகனுக்குப் பிள்ளை பிறந்த பிறகு தாத்தாவுக்குக் கடைக்குட்டி பிறந்திருக்கும். 52 வயது அண்ணன் மகன் 49 வயது சித்தப்பாவை எழுந்து நின்று வரவேற்பது இங்கே சாதாரணம். ஆங்கிலத்தில் இவரை 'எல்டர்' என்றாலும் 'சீனியர்' என்றாலும் கேட்பவர் வயதைத்தான் நினைப்பார். 'ஹீ இஸ் மை அங்கிள், தோ ஹீ இஸ் த்ரீ இயர்ஸ் யங்கர் தேன் மீ' என்று முறையையும் வயதையும் தனித்தனியே சொல்லிவிடுங்கள். தலைமுறையைக் குறிக்க வேண்டுமென்றால் 'எ ஜெனரேஷன் அபவ் மீ'.

பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ஆங்கிலத்தில் 'அங்கிள்'. பேச்சுக்கு அது போதும். வாரிசுக் காகிதத்துக்குப் போதாது. அங்கே 'ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்', 'மதர்ஸ் பிரதர்' என்று விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் சொத்து உரிமை எந்தப் பக்கத்து உறவு என்பதைப் பொறுத்தது. 'கசின் பிரதர்' நம்மூர்ச் சரக்கு. 'கசின்' மட்டும் போதும். பெரியப்பா மகன் வயதில் பெரியவர் என்றால் 'ஓல்டர் கசின்'. சகலையை 'கோ-பிரதர்' என்று எழுதினால் தென்னிந்தியாவைத் தாண்டி யாருக்கும் விளங்காது. 'மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்' நீளம்தான், வேறு வழியில்லை.

ஆச்சி, ஆயா, அப்பத்தா, ஐயா என்பவற்றை மொழிபெயர்க்காதீர்கள். விருந்தினருக்கு அறிமுகம் செய்யும்போது 'திஸ் இஸ் அவர் ஆச்சி' என்று சொல்லி, உறவை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். 'ஓல்ட் லேடி ஆஃப் தி ஹவுஸ்' என்று சொல்லிக்கொடுக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியம்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே பெயரில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் 'ஜூனியர்' என்று பெயருக்குப் பின் போடுவது அப்பா பெயரையே மகனும் வைத்திருந்தால் மட்டும். தாத்தா பெயர் பேரனுக்கு வந்தால் அங்கே 'தி செகண்ட்' போடுவார்கள். இங்கிலாந்துப் பிரதமர்களாக இருந்த அப்பாவையும் மகனையும் பிரிக்க 'பிட் தி எல்டர்', 'பிட் தி யங்கர்' என்று எழுதுவது வரலாற்று நூல் வழக்கு, குடும்பக் காகிதத்துக்கு ஆகாது. பத்திரத்தில் இவை எதுவுமே வேண்டாம். தகப்பனார் பெயரும் பிறந்த வருடமும் எழுதிவிட்டால் தாத்தாவும் பேரனும் குழம்ப மாட்டார்கள்.

9. முதுமையைச் சொல்லும் சொற்கள்

ஆளுக்கு முன்னால் 'ஓல்ட்' போடுவது பல நேரம் முரட்டுத்தனம். 'எல்டர்லி' மரியாதையானது, ஆனால் நேரில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லும் சொல் இல்லை. 'ஆன் ஓல்டர் வுமன்', 'ஆன் ஓல்டர் ஜென்டில்மேன்' என்று ஒப்பீட்டு வடிவத்தில் சொன்னால் மென்மையாகும். நம் நாட்டில் 'சீனியர் சிட்டிசன்' என்பதற்குச் சட்ட வரம்பு இருக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60 நிறைந்தவர். வருமான வரியிலும் 60, அதற்கு மேல் 80 நிறைந்தவருக்குத் தனிப் பிரிவு. ஆகவே 58 வயதுக்காரரை மரியாதைக்காக 'சீனியர் சிட்டிசன்' என்று மனுவில் எழுத முடியாது.

துல்லிய வயது தெரியாதபோது பத்துகளில் சொல்லலாம். 'இன் ஹிஸ் சிக்ஸ்டீஸ்' என்றால் 60 முதல் 69 வரை. முன்னால் 'எர்லி', 'மிட்', 'லேட்' சேர்த்து இன்னும் குறுக்கலாம். 'சிக்ஸ்டீஸ்' என்பதில் மேற்புள்ளிக் குறி ('அபாஸ்ட்ரஃபி') போடாதீர்கள். 'ஹிஸ்', 'ஹெர்' இல்லாமல் 'இன் தி சிக்ஸ்டீஸ்' என்று எழுதினால் அது 1960-களாகிவிடும்.

'ஆக்டோஜெனேரியன்' 80 முதல் 89 வரை, 'நோனாஜெனேரியன்' 90 முதல் 99 வரை, நூறைத் தொட்டால் 'சென்டினேரியன்'. மலரில் போடலாம், மனுவில் வேண்டாம்.

'நர்சிங் ஹோம்' பெரிய பொறி. காரைக்குடியில் அது சின்ன தனியார் ஆஸ்பத்திரி. லண்டனில் இருக்கும் மருமகளுக்கு 'அப்பா இஸ் இன் எ நர்சிங் ஹோம்' என்று செய்தி போனால் மாமனாரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். 'ஹாஸ்பிடல்' என்று எழுதுங்கள்.

'லேட்' பெயருக்கு முன் வந்தால் காலமானவர்: 'மை லேட் கிராண்ட்ஃபாதர்'. 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் லேட்' என்றால் அவர் வந்துகொண்டிருக்கிறார். அண்மையில் போனவருக்கு மட்டுமே இந்தச் சொல். நாலு தலைமுறைக்கு முன் பர்மாவில் கொண்டுவிற்ற (தொழில் நடத்திய) பாட்டனாருக்கு 'லேட்' தேவையில்லை. அவர் இன்னும் இருக்கிறார் என்று யாரும் நினைக்கப்போவதில்லை.

10. வீட்டுக்கும் பொருளுக்கும் வயது

'அவர் ஓல்ட் ஹவுஸ்' என்று பழைய வீட்டைக் காட்டினால், முன்பு குடியிருந்து விட்டுவிட்ட வீடு என்றும் பொருள் படும். 'ஓல்ட் ஸ்டூடண்ட்' என்பதிலும் இதே இரட்டை அர்த்தம்தான். முகப்பில் நின்று சொல்லும்போது 'அவர் ஆன்செஸ்ட்ரல் ஹவுஸ்' என்று தொடங்குங்கள். கட்டிய வருடம் தெரிந்தால் அதையே சொல்லுங்கள்: 'பில்ட் இன் 1926'. 'எ ஹண்ட்ரட்-இயர்-ஓல்ட் ஹவுஸ்' என்பதில் மூன்றாம் படி விதி அப்படியே பொருந்தும். 'ஏன்ஷியண்ட்' மட்டும் வேண்டவே வேண்டாம். அது பிள்ளையார்பட்டி குடைவரை போன்றவற்றுக்கு உரியது, ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்துக்குப் பொருந்தாது.

'ஆன்டிக்' என்ற சொல்லைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தாராளமாகப் புழங்குகிறோம். ரசீதில் எழுதும்போது நிதானம் தேவை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை நூறு வருடத்துக்குக் குறையாமல் பழையதாக இருந்தால் தொல்பொருள். சுவடி போன்ற சிலவற்றுக்கு 75 வருடம். தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. 1950-களில் வந்த எனாமல் தூக்குச்சட்டிக்கு விற்பனை ஆசையில் 'ஆன்டிக்' என்று ரசீது போட்டால், வாங்கியவர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளலாம். நூறுக்குக் கீழே உள்ளதற்கு 'விண்டேஜ்' என்று எழுதி, உத்தேச வருடத்தைச் சேருங்கள். நூறுக்குப் பக்கத்தில் சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையின் சான்று கேட்பதுதான் வழி, சொல்லை மாற்றித் தப்பிக்க முடியாது.

11. எல்லை வயது

'அண்டர் 18' என்பதில் 18 சேராது. '18 அண்ட் அண்டர்' என்றால் சேரும். 'ஓவர் 60', '60 அண்ட் ஓவர்' இரண்டுக்கும் இதே வித்தியாசம். கோயில் விழா அறிவிப்பில், போட்டி விதியில் 'அபவ் 60' என்று மட்டும் எழுதினால் சரியாக அறுபதில் நிற்பவர் வாசலில் வாதாடுவார்.

இந்தியச் சட்டப்படி பதினெட்டாவது பிறந்த நாள் தொடங்கும்போதே ஒருவர் பெரியவராகிறார். நம் பத்திரங்களில் அவரை 'மேஜர்' என்று எழுதுவது வழக்கம். வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் போகும் காகிதத்தில் 'ஆன் அடல்ட்' என்று எழுதுங்கள். 'மேஜர்' அங்கே ராணுவப் பதவி.

12. அச்சுக்குக் கொடுக்குமுன்

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். முதலில் எல்லா 'எல்டர்' மேலும் வட்டம் போட்டு, பக்கத்தில் 'தேன்' இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எல்லா 'சீனியர்'. அதற்குப் பின் 'மோர்' இல்லாமல் 'தேன்' வந்திருந்தால் அதை 'டூ' ஆக்குங்கள். பிறகு 'இயர்ஸ் ஓல்ட்' வந்த இடங்களில் பின்னால் ஆளின் பெயர்ச்சொல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பன்மையை எடுத்து இடைக்கோடு போடுங்கள்.

கடைசியாக வயதுகளை முதல் படியில் எழுதிய பிறந்த தேதியோடு ஒத்துப் பாருங்கள். காகிதத்தின் தேதிதான் அளவு, எழுதுகிற நாள் அளவு இல்லை. ஆனியில் எழுதி ஆவணியில் கையெழுத்தாகும் பத்திரத்தில் நடுவே யாருக்காவது பிறந்த நாள் வந்து போயிருக்கும். அந்த எண்ணை மாற்றிய பிறகு தட்டச்சுக்காரரிடம் கொடுங்கள். அவர் தன் கணினியில் இருக்கும் பழைய பத்திரத்தின் மேல் எழுதுபவராக இருந்தால், முந்தைய கட்சிக்காரரின் 'ஏஜ்ட் அபவுட்' எண் அப்படியே நின்றுவிடும். திரும்பி வரும் பிரதியில் அந்த வரியை முதலில் பாருங்கள்.